அந்த 2.3 டன் எங்கிருந்து வந்தது?

நெல்லைக்கு வடக்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவர் ஊருக்குப் பக்கத்தில் பெட்ரோலும் டீசலும் சேமித்து வைத்து டேங்கர் லாரிகளில் ஏற்றி அனுப்பும் கிடங்கு ஒன்று வரப்போகிறதாம். அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையில், ஆண்டுக்கு 60,000 கிலோலிட்டர் பெட்ரோல் ஏற்றப்படும், ஏற்றும்போது காற்றில் கலக்கும் ஆவி ஆண்டுக்கு 2.3 டன் என்று போட்டிருக்கிறார்கள். "இன்னும் காம்பவுண்டு சுவர்கூட எழும்பவில்லை அண்ணாச்சி, அதற்குள் எப்படிப் புள்ளி வைத்துச் சொல்கிறார்கள்? புகைபோக்கியே இல்லாத இடத்தில் எதை அளப்பார்கள்? இதை நம்பலாமா?" என்று கேட்கிறார். கூடவே எரிவாயுக் குழாய், ஃபிளேர் (வேண்டாத வாயுவை உச்சியில் எரித்துவிடும் குழாய்) பற்றியும் ஒரு கேள்வி.

வளைகுடாவில் பதினெட்டு வருஷம் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எனக்குச் சோறு. இப்போது பாளையங்கோட்டையில் ஓய்வாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. யாரும் எதையும் அளக்கவில்லை. 2.3 டன் என்பது பெருக்கி வந்த விடை. அதற்காக அது பொய் என்று ஆகிவிடாது. உலகம் முழுக்க எண்ணெய், எரிவாயுத் தொழிலில் பதிவாகும் மாசுக் கணக்கில் பெரும்பகுதி இப்படிப் பெருக்கி வந்ததுதான். ஆயிரக்கணக்கான வால்வுகளும் மூடிகளும் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் கருவி மாட்டி உட்கார முடியாது. ஆகவே பெருக்கல் சரியா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை, அதை எக்செல் சரியாகவே செய்யும். பெருக்கலுக்குள் என்னென்ன போட்டார்கள், எதைப் போடாமல் விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் வில்லங்கம் எல்லாம் அந்த விட்டுப்போன இடத்தில்தான்.

ஆவி என்கிறோமே, அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல வெயில் நேரத்தில் பங்க்கில் பைக்குக்குப் பெட்ரோல் போடும்போது டேங்க்கைப் பார்க்காமல் தரையில் விழும் அதன் நிழலைப் பாருங்கள். மூடி திறந்த இடத்துக்கு மேலே நிழல் நெளிந்து நெளிந்து ஓடும், அடுப்புக்கு மேலே காற்று நெளிவதுபோல. ஆவி நிறமற்றது. ஆனால் காற்றைவிட அடர்த்தியானது என்பதால் ஒளி வளைந்து, நிழல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உள்ளே ஐந்து லிட்டர் பெட்ரோல் போனால், ஏற்கெனவே அங்கே இருந்த ஐந்து லிட்டர் ஆவி வெளியே வந்தாக வேண்டும், இடம் ஒன்றுதானே. கிடங்கில் நடப்பதும் இதே சங்கதிதான். ஐந்து லிட்டருக்குப் பதில் 12,000 லிட்டர், 20,000 லிட்டர் லாரி, அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. வெளியே தள்ளப்படும் ஆவி ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை கிலோ? பள்ளியில் படித்த வாயு விதியே போதும். பெட்ரோலின் ஆவியழுத்தத்தை (கிலோபாஸ்கலில்) ஆவியின் மூலக்கூறு எடையால் பெருக்கி, 8.314-ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் வகுக்க வேண்டும். நம்மூர் வெப்பத்துக்கு 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஆவியழுத்தம் சுமார் 50 கிலோபாஸ்கல், மூலக்கூறு எடை சுமார் 66, வெப்பநிலை 305 கெல்வின். விடை 1.3 கிலோ. ஒரு கன மீட்டர் இடம் பெட்ரோல் ஆவியால் முழுக்க நிறைந்திருந்தால் அதற்குள் 1.3 கிலோ பெட்ரோல் காற்றோடு கலந்து இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் லாரியின் வயிறு எப்போதும் முழுக்க நிறைந்திருக்காது. அதற்காக நிறைவுக் காரணி என்று ஒன்றைப் பெருக்குவார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ தொகுத்த ஏபி-42 என்ற தொகுப்பில் இந்தக் காரணிகள் இருக்கின்றன. 1968-ல் முதலில் வந்தது, இன்றும் இந்தத் தொழிலில் எல்லோர் மேசையிலும் கிடப்பது. பல நாடுகளின் அறிக்கையைப் பிரித்தால் உள்ளே அதுதான் இருக்கும். அதன்படி, மேலிருந்து குழாயைத் தொங்கவிட்டு அருவிபோல் கொட்டினால் காரணி 1.45. தெறித்து விழுவதால் திவலைகளும் சேர்ந்து வெளியே போகும் என்பதால்தான் ஒன்றைத் தாண்டுகிறது. குழாய் அடிவரை போனால், அல்லது லாரியின் அடியிலிருந்தே ஏற்றினால் 0.6. ஆக, கொட்டி ஏற்றும் 12,000 லிட்டர் லாரி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 22.6 கிலோ ஆவி போகும். அடியிலிருந்து ஏற்றினால் ஒன்பதரை கிலோ. இடையில் எந்த இயந்திரமும் இல்லை, குழாயின் நீளம் மட்டும்தான் வித்தியாசம்! இந்தத் தொழிலில் இதைவிட மலிவான மாசுக் கட்டுப்பாட்டை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் 2.3 டன்னைப் பிடித்துவிடலாம். 1.3 கிலோவை 0.6-ஆல் பெருக்கினால் 0.78 கிலோ. அதை 60,000 கிலோலிட்டரால் பெருக்கினால் 46.8 டன். அறிக்கையில் ஆவி மீட்புக் கருவி 95 சதவீதம் பிடித்துவிடும் என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மீதி 5 சதவீதம், அதாவது 2.3 டன். மந்திரம் ஒன்றும் இல்லை.

இந்தச் சூத்திரத்திலேயே கூடவோ குறையவோ 30 சதவீதம் பிழை இருக்கலாம் என்று அந்தத் தொகுப்பே ஒப்புக்கொள்கிறது. அது போகட்டும், 2.3 என்பது 3 ஆனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. நான் கவலைப்படுவது வேறு மூன்று இடங்களில்.

ஒன்று, அந்த 95 சதவீதம். கருவிக்குள் போன ஆவியில் 95 சதவீதத்தை அது பிடிக்கும். சரி. லாரியிலிருந்து கிளம்பிய ஆவி முழுவதும் கருவி வரைக்கும் போய்ச் சேர்கிறதா? டேங்கர் லாரியின் மேலே ஏறி நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூடி, மூடிக்கு ஒரு ரப்பர் வளையம். எங்கள் ஆலையில் ஒரு லாரி. அதன் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து பப்படம்போல் வெடித்திருந்தது. டிரைவர் அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். ஏற்றத் தொடங்கியதும் கருவிக்குப் போகும் ஹோஸில் லேசான இழுப்பு, மூடியைச் சுற்றிலும் காற்று நெளிகிறது. ஆவிக்கு நாம் போட்ட பாதையில்தான் போக வேண்டும் என்று தலையெழுத்தா என்ன, எது எளிதோ அதில் போகும். கசிவுச் சோதனை செய்யப்படாத லாரிகளில் 70 சதவீத ஆவிதான் கருவியைப் போய்ச் சேரும் என்று அதே ஏபி-42 சொல்கிறது. ஆண்டுதோறும் சோதித்துச் சான்று வாங்கிய லாரி என்றால் 98.7 முதல் 99.2 சதவீதம்.

இதைப் போட்டுப் பாருங்கள். 46.8 டன்னில் 30 சதவீதம், அதாவது 14 டன், மூடி வழியாகவே போய்விடுகிறது. கருவிக்குப் போன மீதியில் 5 சதவீதம் 1.6 டன். மொத்தம் 15.7 டன். அதே கிடங்கு, அதே பெட்ரோல், அதே விலையுயர்ந்த கருவி. ரப்பர் வளையம் ஒன்று சரியில்லை என்றதும் கணக்கு ஏழு மடங்கு ஆகிவிட்டது.

இரண்டு, அந்த 0.6. லாரி திரும்பி வரும்போது வயிற்றில் பெரும்பாலும் வெறுங்காற்று இருக்கும் என்ற அனுமானத்தில் வந்த எண் அது. பங்க்கில் பெட்ரோலை இறக்கும்போது ஆவியை லாரிக்கே திருப்பி அனுப்பும் ஹோஸ் மாட்டியிருந்தால், லாரி காற்றோடு வராது, பங்க் டேங்க்கின் ஆவியை நிரப்பிக்கொண்டு வரும். அது நல்ல ஏற்பாடுதான், பங்க்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் அந்த ஆவி உங்கள் ஊருக்குப் பயணம் வருகிறது. அப்படிப்பட்ட லாரிகளுக்குக் காரணி 0.6 இல்லை, முழுசாக 1. அப்போது 46.8 டன் இல்லை, 78 டன்னிலிருந்து தொடங்க வேண்டும். சோதித்த லாரியும் நல்ல கருவியும் இருந்தால் கடைசியில் நாலரை டன். சோதிக்காத லாரி என்றால் 26 டன். பங்க்குகளில் ஆவி மீட்பு இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் பெருமையாக எழுதிவிட்டு, கிடங்குக் கணக்கில் 0.6 போட்டிருந்தால் அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்று பொருள்.

மூன்று, கருவி ஓடாத நாட்கள். இதை யாரும் எழுதுவதே இல்லை. கருவி ஆண்டில் ஒரு மாதம் பழுதாகி நின்று, ஏற்றுவது மட்டும் நிற்காமல் நடந்தால், அந்த ஒரு மாதத்தில் போவது 3.9 டன். ஆண்டு முழுவதற்கும் எழுதிய 2.3 டன்னை அந்த ஒரே மாதம் விழுங்கிவிடும். "கருவி நின்றால் லோடிங்கும் நிற்கும்" என்று தானாக நிறுத்தும் இணைப்பு வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். மாதம் 150 கிலோலிட்டர் பெட்ரோல் விற்கும் சாதாரண பங்க், ஆவி மீட்பு எதுவும் இல்லாதது. லாரியிலிருந்து இறக்கும்போது லிட்டருக்கு 0.88 கிராம், நிலத்தடி டேங்க் மூச்சுவிடுவதில் 0.12, வண்டிகளுக்குப் போடும்போது 1.32, சிந்துவது 0.08. எல்லாம் அதே தொகுப்பின் எண்கள்தான். கூட்டினால் லிட்டருக்கு 2.4 கிராம், ஆண்டுக்கு 4.3 டன். அதாவது கிடங்கு முழுவதற்கும் சொன்ன 2.3 டன்னைவிட வண்ணாரப்பேட்டையிலோ சமாதானபுரத்திலோ இருக்கும் ஒற்றைப் பங்க் அதிகமாக விடுகிறது என்று புத்தகம் சொல்கிறது. இது அபத்தம் இல்லை, கட்டுப்பாடு ஒழுங்காக இருந்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில், புதிய பங்க்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் போட்டதற்குக் காரணமும் இந்த ஆவிதான்.

டீசலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். லாரிப் புகையை வைத்து டீசல்தான் மோசம் என்று நினைப்போம். ஏற்றும் இடத்தில் கதை தலைகீழ். அதன் ஆவியழுத்தம் 0.1 கிலோபாஸ்கல் அளவில்தான். அதே கணக்கைப் போட்டால் கிலோலிட்டருக்கு மூன்று கிராம். பெட்ரோலோ 780 கிராம். இருநூற்றைம்பது மடங்கு வித்தியாசம். எனவே, அறிக்கையில் பெட்ரோலையும் டீசலையும் சேர்த்து "பெட்ரோலியப் பொருட்கள்" என்று ஒரே வரியில் போட்டு சராசரி எடுத்திருந்தால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள், பிரித்துக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. முந்தின நடையில் பெட்ரோல் கொண்டுபோன அறையில் இன்று டீசல் ஏற்றினால், உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவியைத்தான் டீசல் வெளியே தள்ளும்.

அடுத்தது சேமிப்பு டேங்க்குகள். கூம்புக் கூரை போட்ட சாதாரண டேங்க் பகலில் சூடேறி மூச்சு விடும், இரவில் குளிர்ந்து மூச்சு இழுக்கும். எண்ணெய் உள்ளே வரும்போதெல்லாம் கன அளவுக்குக் கன அளவு ஆவி வெளியே போகும். பெட்ரோலுக்கு அதைப் பயன்படுத்த மாட்டார்கள், மிதக்கும் கூரைதான் போடுவார்கள். எண்ணெய் மேலேயே தெப்பம்போல ஒரு தட்டு மிதந்து ஏறி இறங்கும், ஆவிக்கு இடமே இருக்காது. சாதாரணக் கூரையோடு ஒப்பிட்டால் 60 முதல் 99 சதவீதம் வரை குறையும். 60-க்கும் 99-க்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்! தட்டின் ஓரத்தைச் சுற்றியுள்ள சீல் ஒற்றையா இரட்டையா, தட்டில் எத்தனை துளைகள், டிப் அடிக்கும் (கோல் விட்டு எண்ணெய் மட்டம் அளக்கும்) குழாய்க்கு மூடி உண்டா என்பதெல்லாம்தான் அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. டேங்க்கின் பெயிண்டுகூடக் கணக்கில் வரும். வெள்ளை அடித்தால் வெயிலைக் குறைவாக உறிஞ்சும். அகஸ்தியர் மலை வரைக்கும் மழை பெய்தாலும் நம் பக்கம் வெயில் கொளுத்துகிற ஊர், இங்கே பெயிண்ட் உரிந்து துருப்பிடித்த டேங்க் ஒவ்வொரு பகலும் கூடுதலாக விடும். பெட்ரோலின் ஆவியழுத்தம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் ஏறும். வேறு ஊரின் 20 டிகிரியை அப்படியே நகலெடுத்துக் கணக்குப் போட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மிதக்கும் கூரையில் விட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. டேங்க் கிட்டத்தட்டக் காலியாகும்போது தட்டு தன் கால்களில் உட்கார்ந்துவிடும். அதற்குக் கீழே எண்ணெய் இன்னும் இறங்கினால் நடுவில் காலி இடம் உண்டாகி, ஆவி நிரம்பிவிடும். மறுபடி நிரப்பும்போது அது அத்தனையும் வெளியே. டேங்க்கைக் கழுவும் நாளும் அப்படித்தான். ஆண்டுக்கு எத்தனை முறை கூரை கால் ஊன்றும் என்ற எண் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிடங்கில் ஓடும் டீசல் ஜெனரேட்டர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஆனால் அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கந்தகத்துக்கு எந்தக் காரணியும் வேண்டாம். எரிபொருளில் உள்ளது அத்தனையும் புகையில் வந்தாக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 டீசலில் கந்தகம் அதிகபட்சம் 10 பிபிஎம், அதாவது எடையில் பத்து லட்சத்தில் 10 பங்கு. ஒரு கிலோலிட்டர் டீசல் 830 கிலோ, அதில் கந்தகம் 8.3 கிராம், எரிந்தால் இரட்டிப்பு எடையில் கந்தக டை ஆக்சைடு 17 கிராம். அதே டீசலைக் கட்டுப்பாடு இல்லாத பழைய எஞ்சினில் எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் 70 கிலோ அளவுக்கு வரும். எரிபொருளில் இருந்து வருவது ஒன்று, எரியும் சூட்டில் காற்றிலிருந்தே உண்டாவது இன்னொன்று. அறிக்கையில் கந்தகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி, நைட்ரஜனுக்கு நாலு வரி இருந்தால் எழுதியவர் பழைய அறிக்கையைப் பார்த்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எரிவாயு. ராமநாதபுரம்–தூத்துக்குடிக் குழாய் 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. இப்படிப்பட்ட குழாய்களிலும் எரிவாயு நிலையங்களிலும் கவலை கசிவுதான். வால்வு, ஃபிளேஞ்ச் (குழாயோடு குழாயைச் சேர்த்து முடுக்கும் வளையம்), பம்ப் சீல் என்று எண்ணிக்கையை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மணிக்கு இத்தனை கிராம் என்று பெருக்குவார்கள். 1995-ல் இபிஏ வெளியிட்ட வழிமுறைப்படி, எரிவாயு ஓடும் ஒரு வால்வுக்கு மணிக்கு 4.5 கிராம், ஒரு ஃபிளேஞ்சுக்கு 0.39 கிராம். கேட்க அற்பமாக இருக்கும்.

ஒரு ஆலையில் நான் சேர்ந்த புதிதில் பழைய அறிக்கை 1,100 வால்வு என்றது. எனக்கு அது கொஞ்சமாகத் தெரிந்தது. நானும் ஒரு மலையாளி நண்பரும் அட்டையும் பென்சிலுமாகக் குழாய்க்குக் குழாய் நடந்து எண்ணினோம். ஜூலை மாதம், காலை பத்து மணிக்கு மேல் இரும்பைத் தொட முடியாது. ஒன்பது நாள் ஆனது. 1,640 வந்தது. வரைபடத்தைப் பார்த்து எண்ணியவர்கள் வடிகால் குழாயில் இருக்கும் குட்டி வால்வுகள், அழுத்தமானிக்குப் போகும் ஊசி வால்வுகள், பிறகு சேர்த்துக் கட்டியவை எல்லாவற்றையும் விட்டிருந்தார்கள். விட்டது 540. பெருக்கினால் ஆண்டுக்கு 21 டன். மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த 21 டன்னும் உண்மை இல்லை என்பது பிற்பாடு புரிந்தது, அது வேறு கதை. சராசரிக் காரணி எல்லா வால்வும் கொஞ்சம் கொஞ்சம் கசிகிறது என்று நினைக்கிறது. நிஜத்தில் பெரும்பாலானவை கசிவதே இல்லை, ஒன்றிரண்டு பேயாக விடும். அகச்சிவப்புக் கேமரா வந்தபிறகு ஒரு சாயங்காலம் பார்த்தோம். நூற்றுக்கணக்கான வால்வுகள் சும்மா நிற்க, ஒரு டேங்க் உச்சியில் யாரோ டிப் அடித்துவிட்டு மூடாமல் விட்ட மூடியிலிருந்து கரும்புகைபோலத் திரையில் கொட்டிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கசிவுகளில் பெரிய 5 சதவீதம் மட்டுமே மொத்தக் கசிவில் பாதிக்கும் மேல் கொடுக்கிறது என்று 2016-ல் காட்டினார்கள். அமெரிக்காவில் 2018-ல் வந்த பெரிய ஆய்வு, எண்ணெய், எரிவாயுத் தொழிலின் மீத்தேன் கசிவு அரசுக் கணக்கைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம் என்றது. கணக்கில் வால்வுகள் இருந்தன, மூடாத மூடிகள் இல்லை. யார்தான் "நாங்கள் மூடியை மூட மறப்போம்" என்று படிவத்தில் எழுதுவார்கள்?

குழாயில் இன்னொன்று, பராமரிப்புக்காகக் காலி செய்வது. 16 அங்குலக் குழாய், 10 கிலோமீட்டர் துண்டு, 60 பார் அழுத்தம் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே திறந்துவிட்டால் ஒரே நாளில் 50 டன்னுக்கு மேல் மீத்தேன் போகும். முன்னாலேயே வாடிக்கையாளர் பக்கம் இழுக்கவிட்டு அழுத்தத்தைக் குறைத்தபின் திறந்தால் அதில் ஒரு சிறு பங்குதான். இது "வழக்கமான இயக்கம்" இல்லை என்று சொல்லிப் பல அறிக்கைகள் ஒதுக்கிவிடும்.

மீத்தேனில் ஒரு சொல் விளையாட்டும் இருக்கிறது. விஓசி (எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) என்று எழுதும் ஆவிக் கணக்கில் மீத்தேன் சேராது, வரையறையிலேயே அதை விலக்கிவிட்டார்கள், ஓசோன் உண்டாக்குவதில் அது மந்தம் என்பதால். ஆனால் பூமியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல முப்பது மடங்குக்குக் கிட்டத்தட்ட, இருபதாண்டுக் கணக்கில் எண்பது மடங்குக்கு மேல். எரிவாயு நிலையத்தின் விஓசி மிகக் குறைவு என்று படித்தால், மீத்தேன் எந்தப் பக்கத்தில் என்று தேடுங்கள்.

ஃபிளேர் கணக்கில் வழக்கமாக 98 சதவீதம் எரிந்துவிடும் என்று போடுவார்கள். நானும் பல வருஷம் கண்ணை மூடிக்கொண்டு 98 போட்டவன்தான். 2022-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய எண்ணெய் வயல்களுக்கு மேல் விமானத்தில் பறந்து அளந்த ஆய்வு வந்தது. அணைந்து கிடந்த ஃபிளேர்களையும் சேர்த்தால் நிஜத்தில் 91.1 சதவீதம்தான் என்றது. ஏழு மார்க் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் நமக்கு வேண்டியது எரியாத மீதி. ஆயிரம் கிலோவில் 20 கிலோ என்றிருந்தது 89 கிலோ ஆகிவிட்டது, நாலு மடங்குக்கு மேல். ஆவி மீட்புக் கருவியின் 95-லும் இதே பொறி இருக்கிறது. 95 என்பது 90 ஆனால் வெளியே போவது இரட்டிப்பு.

கடைசியாக, டன் கணக்கு உங்கள் மூக்குக்கு வரும் அளவைச் சொல்லாது. காற்றில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதுதான் உடம்புக்கு. பென்சீனுக்கு நம் நாட்டுத் தரம் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம், 2009-ல் வகுத்தது. பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம்தான் இருக்கலாம், ஆவியிலும் எடையில் 1 சதவீதமோ அதற்குக் குறைவோதான். 26 டன் ஆவியில் கால் டன் வரை, 2.3 டன்னில் இருபது கிலோ சொச்சம். அது உங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு என்பதைக் காற்று தீர்மானிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கயத்தாறு பக்கம் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் எந்த ஆவியும் நிற்காது. மார்கழி விடியற்காலை வேறு மாதிரி. அசைவில்லாமல், பனி தரையோடு படுத்திருக்கும், பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனம் என்பதால் கூடவே படுக்கும். லாரிகள் லோடுக்கு வரிசை கட்டும் நேரமும் அதுவே. எனவே ஆவி எங்கே எவ்வளவு பரவும் என்று போடும் கணக்குக்கு எந்த மாதங்களின் காற்றைப் போட்டார்கள், ஒரு முழு ஆண்டின் மணிக்கு மணி விவரமா அல்லது மூன்று மாதமா என்று கேளுங்கள். உங்கள் ஊர் கிடங்குக்கு மேற்கே இருந்தால் ஆடிக் காற்று உங்களுக்கு உதவி, ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வரும் வாடை உங்களுக்கு எதிரி.

நம்பலாமா என்று கேட்டீர்கள். 2.3 டன் நடக்க முடியாத எண் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கிட்டத்தட்ட அங்கே வரும். பாதி ஒழுங்காக நடந்தால் 15, 26. ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து "ஆவி அதிகம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் எண்ணைக் காட்டி உட்கார வைத்துவிடுவார்கள். லாரிகளுக்கு ஆண்டு கசிவுச் சோதனை கட்டாயமா, சான்று இல்லாத லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்புவீர்களா, நிறைவுக் காரணி 0.6 ஏன், கருவி நின்றால் லோடிங் தானாக நிற்குமா, கருவியின் வெளிவாயில் தொடர் அளவி வைத்து அந்த எண்ணை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். வாய்ப் பதிலோடு விடாமல், இயக்க இசைவாணையில் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். நிபந்தனையாக எழுதாத 95 சதவீதம் வெறும் ஆசைதான்.

டேங்க் பகுதிக்கான பக்கத்தை நீங்கள் அனுப்பவில்லை. அதில் டேங்க்கின் விட்டம், சீல் ஒற்றையா இரட்டையா, ஆண்டுக்கு எத்தனை முறை நிரப்பிக் காலி செய்வார்கள், என்ன வெப்பநிலை போட்டிருக்கிறார்கள் என்ற நாலு விவரம் இருக்கும். போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி, அதையும் போட்டுப் பார்த்துவிடலாம்.